வீட்டிலேயே கராஜ் கதவு திருத்துதல்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் 11 வருடம் கராஜ் கதவு வேலைக்குப் போனவன் நான். இப்போது முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை, அதனால் வேறு வேலை. ஆனாலும் பனிக்காலம் தொடங்கியதும் சொந்தக்காரர், நண்பர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் போன் எடுப்பார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள். போனில் அவசரத்தில் சொல்வதைவிட ஆறுதலாக எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. இது கனடாவிலும் அமெரிக்காவிலும் நம் வீடுகளில் இருக்கிற, நாலைந்து பலகையாக மடிந்து மேலே ஏறும் கதவைப் பற்றியது. ஊர்க் கடைகளில் சுருண்டு ஏறும் ஷட்டருக்கு இது பொருந்தாது.

கராஜ் கதவை நாங்களே திருத்தலாமா?

பாதி வேலையை நீங்களே செய்யலாம். மற்றப் பாதியைத் தொடவே கூடாது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: கதவின் பாரம் எங்கே இருக்கிறது?

இரண்டு கார் நிற்கும் கராஜின் 16 அடிக் கதவு 80, 90 கிலோ வரும். மரக்கதவு என்றால் இன்னும் கூட. ஆனால் அதே கதவை ஒரு கையால் தூக்கிவிடுகிறோம். பாரம் எங்கே போனது? கதவுக்கு மேலே சுவரில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்குக்குள் போய்விட்டது. பலர் மோட்டர்தான் கதவைத் தூக்குகிறது என்று நினைக்கிறார்கள். மோட்டர் தள்ளியும் இழுத்தும் விடுகிறதே தவிர, தூக்குவது ஸ்பிரிங். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவு கீழே மூடி, எல்லாம் அமைதியாக இருக்கிற நேரத்தில்தான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும். தூங்கவில்லை.

ஆகவே ஸ்பிரிங், அதன் முனையில் இருக்கும் கோன், இரு பக்கமும் உள்ள ட்ரம், அதில் சுற்றிய கேபிள், அந்தக் கேபிள் வந்து மாட்டுகிற கீழ் மூலைத் தகடு, ஸ்பிரிங்கைச் சுவரோடு பிடித்திருக்கும் நடுத்தகட்டின் போல்ட்டுகள், இவை எல்லாம் பாரம் தாங்குகிறவை. ஒரு ஸ்குரூவைக்கூட இவற்றில் தளர்த்தக் கூடாது. சில்லு, பலகைகளை இணைக்கும் பிணைச்சல், சில்லு ஓடும் ட்ராக், கீழ் ரப்பர், சென்சர், ரிமோட், எண்ணெய் விடுவது, இவை உங்கள் பாதி.

எங்கள் கதவில் எந்த வகை ஸ்பிரிங்?

உள்ளே நின்று, மூடிய கதவின் மேற்பக்கத்தைப் பாருங்கள். கதவுக்கு நேர் மேலே, குறுக்கே ஓர் இரும்புக் குழாய், அதில் ஒன்றோ இரண்டோ தடித்த ஸ்பிரிங் கோர்த்திருந்தால் அது முறுக்கு ஸ்பிரிங். பெரும்பாலான வீடுகளில் இதுதான். குறுக்கே ஒன்றும் இல்லாமல், சிலிங்குக்குக் கீழே ஓடும் ட்ராக் நெடுக இரு பக்கமும் நீளமான ஸ்பிரிங் இழுபட்டுக் கிடந்தால் அது இழுவை ஸ்பிரிங். பழைய வீடுகளின் ஒற்றைக் கார்க் கதவுகளில் இருக்கும்.

இழுவை ஸ்பிரிங் உள்ளவர்கள் இன்றைக்கே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள்ளே ஒரு மெல்லிய கம்பிக் கயிறு ஓடி, இரண்டு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தால் அது அம்பு மாதிரிப் பறக்காமல் பிடித்து வைப்பது அந்தக் கயிறுதான். கயிறு இல்லையென்றால் மற்ற எல்லா வேலையையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் போடுவியுங்கள்.

நேற்று இரவு கராஜுக்குள் வெடிச்சத்தம் கேட்டது. காலையில் கதவு திறக்கவில்லை. என்ன நடந்தது?

ஸ்பிரிங் உடைந்துவிட்டது. கதவுக்கு மேலே பார்த்தால் நெருக்கமாகச் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கின் நடுவில் ஓரிடத்தில் இரண்டு அங்குல இடைவெளி தெரியும்.

அந்தச் சத்தம் லேசானதல்ல. ஒரு ஜனவரி இரவு மார்க்கத்தில் ஒரு வீட்டில் ஸ்பிரிங் உடைந்தது. மறுநாள் நான் போயிருந்தேன். சத்தம் கேட்டதும் அந்த வீட்டு அம்மம்மா, பக்கத்தில் படுத்திருந்த பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாராம். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடம். நான் உடைந்த ஸ்பிரிங்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதானா தம்பி" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு எண்ணெய் விடப் போனாலும், வயதானவர்கள் இருந்தால் இந்தச் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவேன். நீங்களும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஏன் உடைந்தது என்று கேட்டால், வயதாகிவிட்டது, அவ்வளவுதான். வழக்கமாகப் போடுகிற ஸ்பிரிங் 10,000 தடவைக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. திறந்து மூடினால் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 4 தடவை என்றால் ஏறக்குறைய 7 வருடம் வரும். அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாரும் முன்வாசலை விட்டுவிட்டுக் கராஜ் வழியாகவே போய்வருகிற வீட்டில் 8 தடவை சாதாரணம். அங்கே மூன்றரை வருடத்தில் முடிந்துவிடும். குளிர் கூடின இரவில் இரும்பு இறுகும்போது, ஏற்கனவே களைத்த ஸ்பிரிங் உடைகிறது. அதனால்தான் ஜனவரியில் இந்த வேலைக்காரர்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

ஸ்பிரிங் உடைந்தபின் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். பாரம் முழுவதும் மோட்டரில் விழும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்து மோட்டருக்கும் செலவு வந்து சேரும்.

கார் உள்ளே மாட்டிவிட்டது. வேலைக்கு வெளிக்கிட வேண்டும். கையால் தூக்கலாமா?

இரட்டைக் கார்க் கதவு என்றால் தூக்க வேண்டாம். டாக்சி பிடியுங்கள், அல்லது யாரையாவது வந்து ஏற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஒற்றைக் கார்க் கதவு, உடம்பில் தெம்புள்ள பெரியவர்கள் இருவரோ மூவரோ இருக்கிறார்கள், கேபிள்கள் இரண்டும் ட்ரம்மில் ஒழுங்காக இருக்கின்றன என்றால் செய்யலாம். மோட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். கதவு மூடியிருக்கும்போதே, கதவையும் மோட்டரையும் தொடுக்கிற இடத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டரிலிருந்து விடுவியுங்கள். பிடி இருக்கிற இடத்திலோ கதவின் அடி விளிம்பிலோ பிடித்து, இரு பக்கமும் ஒரே வேகத்தில் தூக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள வெடிப்பில் மட்டும் விரலை வைக்காதீர்கள். கதவு வளையும்போது அந்த வெடிப்பு கத்தரிக்கோல் மாதிரி மூடும். மேலே போனதும் இரு பக்க ட்ராக்கிலும் கீழ்ச் சில்லுக்கு அடியில், இறுகப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும் குறடு ஒன்றைப் போட்டுவிட்டு, ஒருவர் மட்டும் உள்ளே போய்க் காரை எடுக்கட்டும். பிறகு அதே போல மெல்ல இறக்கி மூடிவிடுங்கள். திறந்தபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கதவு மேலே திறந்திருக்கும்போது ஸ்பிரிங் உடைந்ததா? அப்படியானால் சிவப்புக் கயிற்றில் கையே வைக்காதீர்கள். அந்த நேரம் கதவைப் பிடித்திருப்பது மோட்டர் மட்டும்தான். கயிற்றை இழுத்தால் கதவு முழுப் பாரத்தோடு வந்து விழும். ஆள் வரும்வரை யாரையும் அதன் கீழே போக விடாதீர்கள்.

யூடியூபில் ஒருவர் இரண்டு கம்பியை வைத்து அரை மணி நேரத்தில் ஸ்பிரிங் மாற்றுகிறார். நானும் செய்தால் என்ன?

செய்யாதீர்கள்.

எனக்கு வேலை பழக்கிய அண்ணைக்கு வலது கை நடுவிரலில் மேல்கணு இல்லை. கோனில் இருக்கும் துளைக்குள் அதற்கென்று செய்த முறுக்குக் கம்பியைத்தான் செருக வேண்டும். அன்றைக்கு அது வான் வண்டிக்குள் கிடந்தது. எடுக்கப் போகச் சோம்பல், கையில் இருந்த பெரிய ஸ்குரூடிரைவரைச் செருகினார். அது துளைக்குச் சரியாக இறுகாது. நழுவியது. "கண் இமைக்கிற நேரம்கூட இல்லையடா" என்பார். அவர் அப்போது இந்த வேலையில் 9 வருடம் இருந்தவர்.

7 அடி உயரக் கதவுக்கு ஸ்பிரிங்கைக் கால் சுற்றாக 30 தடவை முறுக்க வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றிலும் ஒரு கம்பியைச் செருகி, மற்றதை எடுத்து, மறுபடி செருகி. கடைசிச் சுற்றுகளில் உங்கள் கையில் இருப்பது கதவின் முழுப் பாரம். முப்பது தடவையில் ஒரு தடவை கம்பி முழுதாக உள்ளே போகாவிட்டால் போதும். அது போக, ஸ்பிரிங்குக்குக் கம்பித் தடிப்பு, உள் விட்டம், நீளம், எந்தப் பக்கம் முறுக்கியது என்று நாலு கணக்கு இருக்கிறது. ஒன்று மாறினாலும் கதவு சமநிலைக்கு வராது. வீடியோவில் அந்த ஆள் சுலபமாகச் செய்கிறார் என்றால், அதற்கு முன்னால் ஆயிரம் செய்திருக்கிறார்.

சரி, எங்கள் பாதி வேலையைத் தொடங்குமுன் என்ன செய்ய வேண்டும்?

கதவை மூடுங்கள். சிலிங்கில் இருக்கும் மோட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். சுவர்ப் பட்டனை அமத்தாமல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ரிமோட் யாரோ ஒருவரின் காரில் இருக்கும், அவர் ரோட்டில் திரும்பும்போதே அழுத்திவிடுவார். இப்போது போனிலிருந்தும் கதவைத் திறக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தொளதொளத்த சட்டைக் கை, கழுத்துத் துணி வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு உள்கதவைப் பூட்டுங்கள்.

கதவு நன்றாக இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது இதைத்தான்.

மூடிய கதவில் நின்று சிவப்புக் கயிற்றை இழுங்கள். மோட்டரோடு உள்ள தொடுப்பு டக் என்று கழரும். பிடியில் கையை வைத்து மெல்லத் தூக்குங்கள். நல்ல கதவு என்றால் மளிகைப் பை ஒன்றைத் தூக்குகிற பாரம்தான் இருக்கும். இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி, கையைக் கதவிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் எடுங்கள். ஓடிப்போய் விடாதீர்கள், கை அங்கேயே தயாராக இருக்கட்டும். கால் கதவின் நேர் கீழே இருக்கக் கூடாது. கதவு அந்த இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கொஞ்சம் அசைந்து நின்றாலும் பரவாயில்லை. கீழே இறங்கத் தொடங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே ஓடினால் முறுக்குக் கூடிவிட்டது. இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

தூக்கும்போது கையில் என்ன தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் தடக்கினால் சில்லிலோ ட்ராக்கிலோ பிரச்சினை. ஒரு பக்கம் முன்னே போய் மறுபக்கம் பின்னே வந்தால் கேபிள். அதற்கு மேலே தூக்காமல் இறக்கிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, கடிகாரத்தை மாற்றுகிற நாளில் இதைச் செய்தால் ஞாபகம் இருக்கும்.

கீச் கீச் என்று ஊரையே எழுப்புகிறது. என்ன எண்ணெய் விடுவது?

கடையில் கராஜ் கதவுக்கென்றே விற்கிற லிதியம் ஸ்பிரே அல்லது சிலிக்கோன் ஸ்பிரே. எல்லார் வீட்டிலும் இருக்கிற டபிள்யூ.டி.-40 நீல டப்பா இதற்குச் சரியில்லை. அது துருவையும் அழுக்கையும் இளக்கும், ஆனால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு வாரத்தில் மறுபடி கீச்சிடும். தடித்த கிரீஸும் வேண்டாம். குளிரில் மெழுகாக இறுகிவிடும்.

பிணைச்சல்களின் மடிப்பில், சில்லின் தண்டு உள்ளே போகிற இடத்தில், குழாயின் இரு முனையிலும் உள்ள பெயரிங்கில் ஒவ்வொரு பூச்சு. ஸ்பிரிங் மேலேயும் நெடுக அடிக்கலாம். தூர நின்று ஸ்பிரே அடிப்பதில் ஆபத்தில்லை. துருவையும் குறைக்கும், சுருள்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தமும் போகும். நைலோன் சில்லு என்றால் நைலோனில் அடிக்க வேண்டாம். மோட்டரில் சங்கிலி இருந்தால் அதற்குக் கொஞ்சம். பெல்ட் இருந்தால் எதுவும் வேண்டாம்.

ட்ராக்குக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். எல்லாரும் செய்கிற பிழை இது. சில்லு ட்ராக்கில் உருள வேண்டும், சறுக்கக் கூடாது. எண்ணெய் விட்டால் தூசி, மணல், முடி எல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். பழந்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

கதவு பாதி இறங்கிவிட்டு மறுபடி மேலே போகிறது. மோட்டர் லைட்டும் மினுங்குகிறது.

கீழே இரு பக்கமும் நிலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு உள்ளாக இரண்டு சின்னக் கண்கள் இருக்கும், அவைதான் சென்சர். ஒன்று மற்றதை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது. நடுவில் ஏதாவது வந்தால் கதவு திரும்பிவிடும்.

குனிந்து பாருங்கள். விளக்குமாறு, சிலந்தி வலை, காரிலிருந்து உருண்ட பனிக்கட்டி, காற்றில் வந்த இலை, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும். கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு அதில் உள்ள குட்டி லைட்டுகளைப் பாருங்கள். இரண்டும் நிலையாக எரிய வேண்டும். ஒன்று துடித்தாலோ அணைந்தாலோ இரண்டும் நேர்நேரே பார்க்கவில்லை. பிள்ளையின் சைக்கிள் முட்டியிருக்கும். பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் இளக்கி, லைட் நிலைக்கும்வரை விரலால் திருப்பி, மறுபடி இறுக்குங்கள்.

ஒரு வீட்டில் பின்னேரம் 4 மணிக்கு மட்டும் கதவு மூடாது. மேற்குப் பார்த்த கராஜ், பனிக்கால வெயில் தாழ்வாக வந்து நேராகக் கண்ணில் விழுந்தது. ஒளியை வாங்குகிற கண்ணைச் சுற்றி இரண்டு அங்குலம் மட்டையைச் சுருட்டி ஒட்டினேன். அதோடு சரியாகிவிட்டது.

இந்தத் தொல்லைக்குச் சென்சர் இரண்டையும் கழற்றி மேலே ஒன்றோடொன்று பார்க்கிற மாதிரிக் கட்டிவிட்டால் என்ன? பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நானும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்தில் எல்லாம் கழற்றி, கீழே பழைய இடத்தில் பூட்டிவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குவேன். வீட்டுக்காரர் கோபித்தாலும் சரி.

அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து செய்யப்படும் வீட்டு மோட்டர்களில், மூடும் கதவில் ஆள் சிக்காமல் காக்கும் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. கனடாக் கடைகளில் வாங்குவதும் அதே மாதிரி மோட்டர்கள்தான். சட்டம் வரக் காரணம், கதவின் கீழே சிக்கி இறந்த சின்னப் பிள்ளைகள். தவழ்கிற பிள்ளையும் தப்பாமல் தெரியத்தான் அந்த 6 அங்குலம். மேலே கட்டிய கண்ணுக்குத் தவழும் பிள்ளை தெரியாது.

ஆள் வரும்வரை கதவை மூடியே ஆக வேண்டுமென்றால், சுவர்ப் பட்டனைக் கதவு நிலத்தைத் தொடும்வரை விடாமல் அமத்திப் பிடியுங்கள். பெரும்பாலான மோட்டர்களில் அப்படி மூடும். நீங்கள் அங்கே நின்று கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், அதுதான் அதில் உள்ள பாதுகாப்பு.

அப்புறம், மாதம் ஒரு தடவை கதவு இறங்குகிற இடத்தில் நடுவே ஒரு டூ-பை-ஃபோர் மரத்துண்டைப் படுக்கையாக வையுங்கள். உயரம் ஒன்றரை அங்குலம் இருக்கும். கதவு அதில் பட்டதும் இரண்டு விநாடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். மரத்தை அழுத்திக்கொண்டு நின்றால் அந்த மோட்டரைப் பாவிப்பதை நிறுத்துங்கள். சிலர் கதவு பாரமாக ஏறுகிறது என்று மோட்டரின் விசை அளவைக் கூட்டி விடுவார்கள். அப்படிக் கூட்டிய மோட்டர்தான் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

சில்லுகள் தேய்ந்துவிட்டன. நானே மாற்றலாமா?

மாற்றலாம். அரை நாள் வேலை, செய்து முடித்ததும் கதவு போகிற சத்தத்தில் வித்தியாசம் தெரியும். பழைய இரும்புச் சில்லை எடுத்துவிட்டு, உள்ளே மூடிய பெயரிங் உள்ள நைலோன் சில்லு வாங்குங்கள்.

கதவு மூடியிருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிணைச்சல். 7/16 அங்குல சாக்கெட்டால் ஓரத்துப் பிணைச்சலின் போல்ட்டுகளைக் கழற்றி, பிணைச்சலைக் கொஞ்சம் விலக்கி, பழைய சில்லை வெளியே எடுத்துப் புதியதைச் செருகி, இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பிணைச்சல்களில் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும். கீழிருந்து மேலே எண் கூடும். கழற்றியதை அதே இடத்தில் போட வேண்டும், மாறினால் கதவு சட்டத்தை விட்டு விலகி நிற்கும், அல்லது இறுகிக்கொள்ளும்.

கீழ் மூலைச் சில்லு இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள். அவை இருக்கிற தகட்டில்தான் கேபிள் மாட்டியிருக்கிறது. பல கதவுகளில் அந்தத் தகட்டிலோ அதன் ஸ்குரூவிலோ சிவப்பு நிறம் பூசியிருப்பார்கள். அதைக் கழற்றிய அந்த விநாடியே கேபிள் தகட்டை இழுத்துக்கொண்டு மேலே பாயும். முகம் அதற்கு நேரே இருக்கும், ஏனென்றால் குனிந்துதான் கழற்றியிருப்பீர்கள்.

ட்ராக் வளைந்துவிட்டது. கதவும் ஒரு பக்கம் வெளியே வந்துவிட்டது.

சின்ன நெளிவு என்றால் ரப்பர்ச் சுத்தியலாலும் மரத்துண்டாலும் மெல்லத் தட்டி எடுக்கலாம். ட்ராக்கைச் சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அதிர்விலே இளகும், அவற்றை இறுக்கலாம். கதவு வெளியே வந்துவிட்டது என்றால் அது வேறு கதை. பட்டனை அழுத்தாமல், தள்ளிப் பார்க்காமல், பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பனியில் கதவு நிலத்தோடு ஒட்டிப்போய்விட்டது.

உருகிய தண்ணீர் கீழ் ரப்பருக்கு அடியில் போய் இரவில் உறைந்திருக்கிறது. மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தினால் ரப்பர் கிழியும், அல்லது மேல் பலகை வளையும். வெந்நீர் ஊற்றாதீர்கள், பின்னேரம் அதுவே இன்னும் தடித்த பனிக்கட்டியாகிவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையரை விளிம்பு நெடுகப் பிடித்து, பிளாஸ்டிக் சுரண்டியால் விடுவியுங்கள். திறந்ததும் நிலத்தையும் ரப்பரையும் துடைத்து, ரப்பரில் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் சில வாரங்களுக்கு ஒட்டாது.

ரப்பர் கிழிந்திருந்தால் நீங்களே மாற்றலாம். கதவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, பிளக்கைக் கழற்றி, இரு ட்ராக்கிலும் குறடு பூட்டிவிட்டு, பழையதைக் காடியிலிருந்து உருவுங்கள். காடியில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் ஊட்ட மற்றவர் இழுத்தால் புதியது வழுக்கிக்கொண்டு போகும். ஓரங்களில் இரண்டிரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டுங்கள்.

இங்கே பனிக்காலத்தின் பெரிய எதிரி உப்பு. ரோட்டில் கொட்டிய உப்பைக் கார் உள்ளே கொண்டுவந்து சொட்ட விடுகிறது. அந்த உப்புத் தண்ணீர் தேங்குவது கதவின் இரு மூலைகளிலும், சரியாகக் கேபிள் மாட்டியிருக்கிற இடத்தில். கதவு மூடியிருக்கும்போது டார்ச் அடித்துக் கேபிளின் கடைசி ஒரு அடியைப் பாருங்கள். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கீழே செம்பழுப்பாகி, ஒன்றிரண்டு நூல் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். தடவிப் பார்க்காதீர்கள், கண்ணால் பார்த்தால் போதும். அப்படி இருந்தால் கேபிள் மாற்ற ஆள் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. ஏப்ரலில் நல்ல தண்ணீரால் அந்த மூலைகளைக் கழுவி உலர விடுங்கள்.

மின்சாரம் போய்விட்டால்?

கதவு மூடியிருந்தால் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்கலாம். 2013 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் எத்தனையோ வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் கயிறு எதற்கு என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. மின்சாரம் வந்ததும் கதவை மூடி, மறுபடி மோட்டரோடு கொளுவிவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத நாளில் கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றுவது, ஜெனரேட்டர் போடுவது, பார்பிக்யூ அடுப்பு மூட்டுவது வேண்டவே வேண்டாம், கதவு திறந்திருந்தாலும். காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜோடு ஒட்டிய அறையில்தான் முதலில் போய்ச் சேரும்.

ரிமோட் வேலை செய்யவில்லை, சுவர்ப் பட்டன் வேலை செய்கிறது.

பற்றரியை மாற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் சுவரில் உள்ள பட்டனில் பூட்டுப் படம் போட்ட ஒன்றை யாராவது தெரியாமல் அமத்தியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், அண்மையில் மோட்டரில் மலிவான எல்.ஈ.டி. பல்ப் போட்டீர்களா என்று யோசியுங்கள். சில பல்புகள் ரிமோட் சிக்னலைக் குழப்பும்.

மோட்டர் ஓடுகிறது, கதவு அசையவில்லை.

யாரோ சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டிருக்கலாம். அதைப் பாருங்கள். கொளுவித்தான் இருக்கிறது என்றால் உள்ளே பற்சக்கரம் தேய்ந்திருக்கும். சங்கிலியோ பெல்ட்டோ நகராமல் மோட்டர் மட்டும் உறுமினால் அதுதான். தேய்ந்த பற்சக்கரத்தை மட்டும் மாற்றி விடுகிறவர்களை நம்பாதீர்கள். முதலில் கதவைச் சமநிலைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பாரமான கதவுதான் அதைத் தேய்த்திருக்கும், புதியதையும் தேய்க்கும்.

ஆளைக் கூப்பிடும்போது என்ன கேட்க வேண்டும்?

போனிலேயே கதவின் அகலம், உயரம், எத்தனை ஸ்பிரிங், எது உடைந்தது என்று சொல்லி, வரும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் "வந்து பார்த்துத்தான் சொல்லலாம்" என்றே நிற்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவருக்கு எடுங்கள். ஸ்பிரிங் வேலை எங்களுக்குத் தினசரி வேலை, அளவு சொன்னால் விலை சொல்ல முடியும்.

இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வார்கள். அதில் ஏமாற்று இல்லை. இரண்டும் ஒரே நாளில் போட்டது, ஒரே அளவு உழைத்தது, மற்றதும் கிட்டத்தில் போய்விடும். 10,000-க்குப் பதில் 20,000 தடவைக்கான ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் ஆள் நிறைந்த வீட்டுக்கு அதுதான் சரி. பழைய ஸ்பிரிங்கைப் பார்த்து முழுக் கதவையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தப் பலகையில் என்ன பிழை என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அவர் போகுமுன், இடுப்பு உயரத்தில் கதவை நிறுத்திக் கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நின்ற பிறகு காசைக் கொடுங்கள்.